ஒரு கோடி ரெக்கார்டு வேண்டுமா? டேட்டாபேஸிடமே கேளுங்கள்

பத்து ரெக்கார்டு உள்ள டேபிளில் எந்தக் குவெரியும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கன்னாபின்னாவென்று எழுதிய குவெரிகூட. தேடலை வேகமாக்க, புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொல்லடைவு மாதிரி இண்டெக்ஸ் போட்டிருக்கிறோமா இல்லையா என்பதே அங்கே தெரியாது. சொல்லப்போனால், டேபிள் சின்னதாக இருக்கும்போது இண்டெக்ஸ் இருந்தாலும் பெரும்பாலும் டேட்டாபேஸ் அதைச் சீண்டாது. மொத்த டேபிளையும் ஒரு தடவை படித்துவிடுவதுதான் செலவு குறைவு என்று அதுவே கணக்குப் போட்டுவிடும். ரெக்கார்டுகள் லட்சம், கோடி என்று ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். அந்த நாள் வருவதற்கு முன்பே நிலவரத்தைப் பார்த்துவிட வேண்டுமென்றால், அந்த அளவுக்குப் பொய் ரெக்கார்டுகளை நாமே உண்டாக்க வேண்டும். இதற்குத்தான் டெஸ்ட் டேட்டா என்று பெயர்.

நிஜ டேட்டாவையே நகலெடுத்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். அதில் ஆட்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாம் இருக்கும். அதை எடுத்து டெவலப்பர்களின் லேப்டாப்புகளில் பரப்புவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. பல நாடுகளின் தனியுரிமைச் சட்டங்களும் குறுக்கே நிற்கும். புதிதாக எழுதும் மென்பொருளாக இருந்தால் நகலெடுக்கவே எதுவும் இருக்காது. அப்படியே இருந்தாலும் அது இன்றைய அளவு. நமக்குத் தெரிய வேண்டியது மூன்று வருடம் கழித்து என்ன ஆகும் என்பது.

லூப் போட்டால் ஏன் இழுக்கிறது

பைத்தானிலோ ஜாவாவிலோ ஒரு லூப் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் ரெக்கார்டைச் சேர்க்கும் ஒரு இன்சர்ட் கட்டளையை அனுப்புவதுதான் பலரும் முதலில் கையில் எடுக்கும் வழி. ஆயிரம் ரெக்கார்டுக்கு இது தாராளமாகப் போதும். ஒரு கோடி என்றால் கதை வேறு.

ஒரு இன்சர்ட்டுக்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டளை நெட்வொர்க் வழியாக சர்வருக்குப் போக வேண்டும். சர்வர் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, ரெக்கார்டை எழுதி, லாக் என்ற மாற்றப் பதிவேட்டிலும் குறித்துவைத்து, ‘ஆயிற்று’ என்று பதில் அனுப்ப வேண்டும். போய் வர ஒரே ஒரு மில்லி செகண்டு என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு கோடி தடவைக்கு 10,000 செகண்டு ஆகிறது. இரண்டே முக்கால் மணி நேரம். இதில் உருப்படியான வேலை கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் காத்திருப்பு.

அதைவிடப் பெரிய செலவு கமிட்டில் இருக்கிறது. கமிட் என்றால் ‘இனி மின்சாரமே போனாலும் இந்த ரெக்கார்டு அழியாது’ என்று டேட்டாபேஸ் கொடுக்கும் உத்தரவாதம். அதைக் கொடுப்பதற்கு, லாக் நிஜமாகவே டிஸ்கில் பதிந்துவிட்டது என்று உறுதிசெய்யும்வரை அது காத்திருக்க வேண்டும். எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸின் அதிகாரபூர்வமான கேள்வி-பதில் பக்கத்தில் இதைப் பளிச்சென்று சொல்லியிருக்கிறார்கள்: சாதாரணக் கணினியில் ஒரு செகண்டுக்கு 50,000 இன்சர்ட்டுக்கு மேல் ஓடும், ஆனால் டிரான்ஸாக்‌ஷன் (ஒரு கமிட்டோடு முடியும் வேலைத் தொகுப்பு) என்று பார்த்தால் சில டஜன்தான் முடியும். காரணம் சுழலும் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க், செகண்டுக்கு 120 சுற்று சுழலும். ஒரு டிரான்ஸாக்‌ஷனை உறுதிசெய்ய இரண்டு முழுச் சுற்று தேவைப்பட்டால், செகண்டுக்கு 60 தான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த இடைவெளி குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை.

ஜாவாவில் புதிதாகத் திறக்கும் இணைப்பில் ஆட்டோகமிட் இயல்பாகவே ஆனில் இருக்கும். அதாவது நாம் கேட்காமலேயே ஒவ்வொரு இன்சர்ட்டும் தனி டிரான்ஸாக்‌ஷன். அதை நிறுத்திவிட்டு, பத்தாயிரம் இன்சர்ட்டுக்கு ஒரு கமிட் என்று மாற்றினாலே வேகம் எகிறும். அப்புறம், ஒரே இன்சர்ட்டில் பல ரெக்கார்டுகளைச் சேர்த்து அனுப்பலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் மட்டும், மதிப்புகளை வேல்யூஸ் என்று அடுக்கும் இன்சர்ட்டில் 1000 ரெக்கார்டுக்கு மேல் போகாது.

இவையெல்லாம் நல்ல திருத்தங்கள்தான். ஆனாலும் ரெக்கார்டை வெளியே செய்து உள்ளே சுமந்துகொண்டுதானே இருக்கிறோம்? பொய் டேட்டாவுக்கு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை. அதை உள்ளேயே விளைய வைக்கலாம்.

எண்கள் இருந்தால் போதும்

டெஸ்ட் டேட்டா உருவாக்கத்தின் மொத்த சூட்சுமமும் இதுதான்: 1 முதல் 1 கோடி வரை எண்களைத் தரும் ஏதாவது ஒன்று வேண்டும். அது கிடைத்துவிட்டால், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஒரு ரெக்கார்டைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். வேல்யூஸ் என்று அடுக்குவதற்குப் பதிலாக, டேட்டாவை எடுத்துத் தரும் ஒரு செலக்ட்டின் விடையை அப்படியே டேபிளுக்குள் தள்ளும் வசதி இன்சர்ட்டுக்கு உண்டு. ஒரே கட்டளை, ஒரே டிரான்ஸாக்‌ஷன், நெட்வொர்க்கில் ஒரே ஒரு பயணம்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இந்த எண்களைத் தருவது ஜெனரேட் சீரிஸ் என்ற ஃபங்ஷன். ஃப்ரம் என்ற இடத்தில் டேபிள் பெயருக்குப் பதிலாக இதை எழுதி, அடைப்புக்குறிக்குள் 1, 1 கோடி என்று இரண்டு எல்லைகளைக் கொடுத்தால், ஒரு கோடி ரெக்கார்டு உள்ள டேபிளைப் போலவே அது நடந்துகொள்ளும்.

ஆர்டர் என்று ஒரு டேபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஃபீல்டு: ஆர்டர் எண், வாடிக்கையாளர் எண், நேரம், தொகை, நிலை. சீரிஸிலிருந்து வரும் எண்ணை ‘எ’ என்று அழைப்போம். ஆர்டர் எண்ணுக்கு எ-யையே போட்டுவிடலாம். ஒரு லட்சம் வாடிக்கையாளர்கள் என்றால், ரேண்டம் ஃபங்ஷன் தரும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணை ஒரு லட்சத்தால் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட்டு, 1 கூட்டினால் வாடிக்கையாளர் எண் ரெடி. நேரத்துக்கு, ஏதாவது ஒரு தொடக்கத் தேதியுடன் எ × 3 செகண்டைக் கூட்டுங்கள். ஒரு கோடி ஆர்டரும் 347 நாளில் பரவிவிடும். தொகைக்கு மறுபடியும் ரேண்டம். நிலைக்கு ஒரு கேஸ், அதாவது நிபந்தனை: ரேண்டம் எண் 0.97-க்குக் கீழே என்றால் ‘முடிந்தது’, இல்லையென்றால் ‘நிலுவை’. அவ்வளவுதான். சாதாரண லேப்டாப்பிலேயே இது நிமிடக் கணக்கில் முடிகிற வேலை.

தசமத்தை வெட்ட வேண்டும், பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்டு செய்யக் கூடாது என்பதைக் கவனியுங்கள். 0 முதல் 10 வரை ரேண்டமாக வேண்டும் என்று ரவுண்டு போட்டால், 0-க்கும் 10-க்கும் மற்ற எண்களைவிடப் பாதி வாய்ப்புதான் கிடைக்கும். தசமத்தை வெட்டும் ஃப்ளோர் போட்டால் இந்தப் பிசகு வராது. போஸ்ட்கிரெஸில் நேரடியாக முழு எண்ணாக மாற்றினாலும் அது ரவுண்டுதான் செய்யும்.

மற்ற டேட்டாபேஸ்களில் எண்களைப் பெறும் வழி மட்டும்தான் வேறு. எஸ்கியூஎல் சர்வரில் 2022 பதிப்பிலிருந்து ஜெனரேட் சீரிஸ் வந்துவிட்டது. மரியாடிபியில் டேபிள் பெயரிலேயே தொடக்கத்தையும் முடிவையும் எழுதினால் போதும், அப்படியொரு டேபிள் இருப்பதுபோலவே எண்கள் வரும். ஆரக்கிளில் டூயல் என்ற ஒற்றை ரெக்கார்டு டேபிளின் மேல் கனெக்ட் பை லெவல் போடுவது பழைய பழக்கம். பெரிய எண்ணிக்கைக்கு அது மெமரியைத் தின்னும் என்பதால், ஆயிரத்தையும் பத்தாயிரத்தையும் தனித்தனியாக எடுத்துப் பெருக்கிக்கொள்வார்கள். மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதல், தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்ளும் குவெரியான ரிகர்சிவ் சிடிஇ இருக்கிறது. ஆனால் இயல்பான வரம்பு 1000 சுற்று. அதை உயர்த்தாமல் ஓட்டினால் பிழைதான் வரும். எஸ்கியூஎல் சர்வரிலும் ரிகர்சிவ் சிடிஇக்கு இந்த மாதிரி வரம்பு உண்டு, அங்கே வெறும் 100.

எந்த வசதியும் இல்லாத பழைய டேட்டாபேஸ் மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை. 0 முதல் 9 வரை பத்து ரெக்கார்டு உள்ள ஒரு குட்டி டேபிளை உருவாக்கி, அதை அதனுடனேயே கிராஸ் ஜாயின் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேருங்கள். ஏழு தடவை எழுதினால் பத்தின் ஏழாவது அடுக்கு, அதாவது ஒரு கோடி. ஒவ்வொரு டேபிளிலிருந்தும் ஓர் இலக்கம் என்று எடுத்து ஒன்று, பத்து, நூறு இடங்களில் வைத்தால் எண்ணும் கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். எங்கேயும் ஓடும்.

டேபிளை அதற்குள்ளேயே இன்சர்ட் செய்து இரட்டிப்பாக்குவது இன்னொரு வழி. ஒரு ரெக்கார்டில் தொடங்கி 20 தடவை செய்தால் 10,48,576. அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் ஒரே மதிப்புகள்தான் திரும்பத் திரும்ப வரும் என்பதால், இண்டெக்ஸைச் சோதிக்க அது உதவாது.

ரேண்டம் செய்யும் குறும்பு

இங்கே பலரும் ஒரு குழியில் விழுவார்கள். எஸ்கியூஎல் சர்வரில் ராண்ட் ஃபங்ஷனை செலக்ட்டில் எழுதினால், குவெரி முழுவதற்கும் அது ஒரே ஒரு தடவைதான் கணக்கிடப்படும். ஒரு கோடி ரெக்கார்டிலும் ஒரே தொகை உட்கார்ந்திருக்கும். அங்கே புதுப் புது அடையாளம் தரும் நியூஐடியின் செக்சம்மை (அதை எண்ணாகச் சுருக்கியது) எடுத்து அதிலிருந்து எண் செய்வார்கள். அது ரெக்கார்டுக்கு ரெக்கார்டு மாறும்.

போஸ்ட்கிரெஸில் ரேண்டம் ஃபங்ஷன் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் புதிதாக ஓடும். அதை நம்பி, ஐம்பது பெயர்கள் உள்ள டேபிளிலிருந்து ஒரு பெயரை எடுக்க, ‘ஆர்டர் பை ரேண்டம், லிமிட் 1’ என்று ஒரு சப்குவெரி (குவெரிக்குள் குவெரி) எழுதுவோம். பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் ஒரு கோடி பேருக்கும் ஒரே பெயர்! அந்தச் சப்குவெரி வெளியிலுள்ள ரெக்கார்டின் எந்த ஃபீல்டையும் தொடவில்லை. ஆகவே ஒரு தடவை ஓட்டி விடையை வைத்துக்கொண்டால் போதும் என்று டேட்டாபேஸ் முடிவெடுத்துவிடுகிறது. பெயர்களை ஓர் அரேயில் (வரிசைப் பட்டியலில்) போட்டு, ரேண்டமாக ஓர் இடத்தைச் சுட்டி எடுங்கள். வேகமும் கூடும், பெயரும் மாறும்.

இன்னொரு விஷயம், சீடு, அதாவது ரேண்டம் எண்களின் தொடக்கப் புள்ளி. இன்று கண்ட பிரச்சினை நாளை மறுபடி தெரிய வேண்டுமென்றால், அதே டேட்டா மறுபடி கிடைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் செட்சீடு, மைஎஸ்கியூஎல்லில் ராண்டுக்குள் ஓர் எண். இல்லையென்றால் ரேண்டமையே விட்டுவிட்டு, எ-யின் எம்டி5 (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் கலவைக் கணக்கு) மதிப்பிலிருந்து வேண்டியதை எடுங்கள். அது என்றைக்கும் மாறாது.

சீராகப் பரவினால் சோதனையே வீண்

இதுவரை சொன்னது அளவைப் பற்றி. அது ஒரு நாளில் பிடிபட்டுவிடும். டேட்டாவின் வடிவம்தான் நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம்.

மேலே வாடிக்கையாளர் எண்ணை ரேண்டமாக எடுத்தோம் இல்லையா? ஒரு கோடி ஆர்டர், ஒரு லட்சம் பேர்; தலைக்குச் சராசரி 100. ரேண்டம் சீராகப் பரவும் என்பதால், ஏறக்குறைய எல்லோருக்கும் 70-க்கும் 130-க்கும் இடையில்தான் இருக்கும். நிஜத்தில் எங்காவது இப்படி உண்டா? பெரும்பாலானோர் ஒன்றிரண்டு ஆர்டரோடு நின்றுவிடுவார்கள். ஒரு சிலர் பல்லாயிரம் குவித்து வைத்திருப்பார்கள். ‘என் ஆர்டர்கள்’ என்ற பக்கம் 100 ஆர்டர் உள்ளவருக்குச் சட்டென்று திறக்கும். திணறுவது பெரிய வாடிக்கையாளரின் பக்கம். சீரான டேட்டாவில் அப்படியொருவர் இல்லவே இல்லை, அதனால் சோதனை பாஸ் ஆகிவிடும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ரேண்டம் எண்ணை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்திவிட்டு, பிறகு ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். 0.5 என்பது 0.125 ஆகிவிடும், 0.2 என்பது 0.008 ஆகிவிடும், எல்லாம் சின்ன எண்களின் பக்கம் சரியும். கணக்குப் போட்டால், முதல் பத்து சதவீத வாடிக்கையாளர்களுக்கே கிட்டத்தட்ட 46 சதவீத ஆர்டர் போய்விடுகிறது. எண் 1 வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல். கடைசி வாடிக்கையாளருக்கோ சுமார் 33 தான். இப்போது அந்த எண் 1-இன் பக்கத்தைத் திறந்து பாருங்கள், மென்பொருளின் லட்சணம் தெரிந்துவிடும். இன்னும் செங்குத்தாக வேண்டுமென்றால் அடுக்கைக் கூட்டலாம். அப்புறம், வாடிக்கையாளர் டேபிளில் கூடுதலாக இருபதாயிரம் பேரைச் சேர்த்துவிடுங்கள். ஆர்டரே இல்லாதவர்களும் உலகில் உண்டு. டேபிள்களை இணைக்கும் ஜாயினில் வரும் பிழைகள் பலவும் அவர்களிடம்தான் வெளிப்படும்.

நிலை ஃபீல்டுக்கு 97-க்கு 3 என்று வைத்ததும் இதே காரணத்துக்குத்தான். நான்கு நிலைகளைச் சமமாக 25 சதவீதம் பிரித்திருந்தால், ‘நிலுவை’ ஆர்டர்களைத் தேடும்போது இண்டெக்ஸால் பெரிய லாபம் இல்லை என்று டேட்டாபேஸ் முழு டேபிளையும் படிக்கக்கூடும். மூன்று சதவீதம் என்றால் அதே குவெரிக்கு அது வேறு வழியில் போகலாம். டெஸ்ட்டில் பார்த்த வழி ஒன்று, நிஜத்தில் போகும் வழி இன்னொன்று என்றால் சோதித்துப் பயன் என்ன?

தேதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்டர்கள் நேர வரிசையில்தான் வந்து சேரும், அதனால் ஒரே நாளின் ஆர்டர்கள் டிஸ்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எ × 3 செகண்டு என்று வைத்தது இந்த வரிசையைக் காப்பாற்றுகிறது. தேதியையும் ரேண்டமாக எடுத்திருந்தால்? ஒரு நாளுக்கு 28,800 ஆர்டர். டேட்டாபேஸ் ஒரே மூச்சில் படிக்கும் துண்டான பக்கம் ஒன்றில் 100 ரெக்கார்டு அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக இருந்தால் ஒரு நாளின் ஆர்டர்களை எடுக்க 288 பக்கம் படித்தால் போதும். சிதறிக் கிடந்தால் சுமார் 25,000 பக்கம். இங்கே டெஸ்ட் டேட்டா நிஜத்தைவிடக் கொடூரமாக நடந்துகொண்டு, இல்லாத பிரச்சினைக்கு நம்மை அலைய விடும்.

எழுத்து ஃபீல்டுகளில் ‘அஅஅஅ’ என்று நிரப்புவது சோம்பேறித்தனம். பல டேட்டாபேஸ்களில் நீளமான எழுத்து சுருக்கிச் சேமிக்கப்படும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அது ஒன்றுமில்லாமல் சுருங்கி, டேபிள் நிஜத்தைவிடச் சின்னதாகத் தெரியும். ஆங்கிலம் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்று எழுதினாலே 15 பைட். ஃபீல்டின் நீள வரம்பைப் பைட்டில் எண்ணும் இடங்களில் இது உடனே மாட்டும். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் மட்டும் போடுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கென்றே 1999-இல் வெளியான ஆர்எஃப்சி 2606 என்ற இணைய ஆவணத்தில் ஒதுக்கப்பட்ட பெயர் அது. தப்பித்தவறி டெஸ்ட் சர்வரிலிருந்து அஞ்சல் கிளம்பினாலும் யாருடைய பெட்டியிலும் போய் விழாது.

வேகத்துக்கான மிச்ச வேலைகள்

இண்டெக்ஸ்களை எல்லாம் டேட்டா ஏற்றிய பிறகு போடுங்கள். இருக்கும் இண்டெக்ஸை ஒரு கோடி தடவை திருத்துவதைவிட, கடைசியில் ஒரே மூச்சில் கட்டுவது எவ்வளவோ வேகம். இன்னொரு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீயும் அப்படியே. போஸ்ட்கிரெஸில் அன்லாக்டு டேபிள் என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கு லாக் எழுதப்படாது, அதனால் ஏற்றுவது வேகமாக நடக்கும். சர்வர் விழுந்தால் டேபிள் காலியாகிவிடும், ஆனால் பொய் டேட்டாவுக்கு அழுவார் யார்? பத்துக் கோடி, இருபது கோடி என்று போகும்போது, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் தள்ளாமல், பத்து லட்சமாகப் பிரித்து ஓட்டுங்கள். நடுவில் அறுந்தால் முழுவதும் திரும்பிப் போகாது, லாக்கும் வீங்காது.

வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், ஃபைலாக எழுதி மொத்தமாக உள்ளே விடுங்கள். போஸ்ட்கிரெஸில் காப்பி, மைஎஸ்கியூஎல்லில் லோட் டேட்டா, எஸ்கியூஎல் சர்வரில் பல்க் இன்சர்ட், ஆரக்கிளில் எஸ்கியூஎல் லோடர்.

ஆயத்தக் கருவிகளும் உண்டு. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜிபெஞ்சில் ஸ்கேல் 1 என்றால் கணக்கு டேபிளில் ஒரு லட்சம் ரெக்கார்டு, 100 என்றால் ஒரு கோடி. டிபிசி-ஹெச் அளவுகோலின் டிபிஜென் ஸ்கேல் 1-இல் சுமார் ஒரு ஜிபி டேட்டா தரும். ஆனால் இவை அவர்களுடைய டேபிள்கள். டேட்டாபேஸை எடைபோட உதவும், உங்கள் மென்பொருளை எடைபோட உதவாது. ஃபேக்கர் லைப்ரரி பெயர், முகவரி எல்லாம் அழகாகச் செய்து தரும். கோடிக்கணக்கில் கேட்டால் ஆமை வேகம். நான் சொல்வது, ஃபேக்கரில் ஐந்தாயிரம் பெயர் செய்து ஒரு டேபிளில் போட்டுவிட்டு, பெருக்குகிற வேலையை டேட்டாபேஸிடம் விட்டுவிடுங்கள்.

ஏற்றி முடித்ததும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். டேபிளில் எத்தனை ரெக்கார்டு, எந்த மதிப்பு எவ்வளவு என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் டேட்டாபேஸ் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. அது பழையதாக இருந்தால், ஒரு கோடி ரெக்கார்டு டேபிளைக் காலி டேபிள் என்று நினைத்துக்கொண்டு தாறுமாறான வழியில் போகும். நீங்கள் குவெரியைக் குறை சொல்வீர்கள். அப்படியே வாடிக்கையாளர்வாரியாக எண்ணும் ஒரு ‘குரூப் பை’ குவெரியையும் ஓட்டி, அதிக ஆர்டர் வைத்திருக்கும் பத்துப் பேரைப் பாருங்கள். ரேண்டம் குறும்பு ஏதாவது நடந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் முயற்சியில் வடிவம் சரியாக அமைவது அபூர்வம். அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு டெலீட் போடாதீர்கள். அது ரெக்கார்டு ரெக்கார்டாக அழித்து, ஒவ்வொன்றையும் லாக்கில் எழுதும். டிரன்கேட் டேபிளையே ஒரேயடியாகக் காலி செய்துவிடும், ஒரு கோடி இருந்தாலும் நொடியில் முடியும். எந்த சர்வரில் இணைந்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.